சுக்குத் தண்ணீரில் வெந்த நல்ல கிருமி

எலப்புள்ளியில் எங்கள் வீட்டில் யாருக்காவது சளி பிடித்தால் முதலில் தயிரை நாடு கடத்துவார்கள். பின்னாலேயே மோரும் பழைய சோறும் போகும். எல்லாம் குளிர்ச்சியாம். போன மழைக்காலத்தில் மாமியாருக்கு வைரஸ் காய்ச்சல் வந்தபோதும் அதுதான் நடந்தது. தயிர்ச் சட்டியை ஒளித்துவைத்த கையோடு, என் கொழுந்தனார் மருந்துக்கடைக்குப் போய் தயிரில் இருக்கிற மாதிரி நல்ல கிருமிகளை அடைத்த புரோபயாட்டிக் பொடி ஒரு பெட்டி வாங்கிவந்தார்.

"குடலுதானுங்க அண்ணி எல்லாத்துக்கும் மூலம். அங்க நல்ல கிருமி நின்னுட்டா நெஞ்சுல இருக்கற வைரஸ் தானா ஓடீருமுங்க" என்றார். எல்லாம் செல்போன் தந்த ஞானம். குடலுக்கும் நுரையீரலுக்கும் ஏதோ பேச்சுவார்த்தை இருக்கிறது என்று ஆராய்ச்சிக்காரர்களே தயங்கித் தயங்கித்தான் சொல்கிறார்கள். இவர் கல்யாணமே முடித்துவைத்துவிட்டார்.

அதோடு விட்டாரா? சளிக்குப் பச்சைத் தண்ணீர் ஆகாதே! அடுப்பில் தளதளவென்று கொதித்த சுக்குத் தண்ணீரை டம்ளரில் ஊற்றி, அதில் பொடியைக் கொட்டிக் கலக்கினார். சூடான நீரில் கலக்கக் கூடாது என்று பொட்டலத்திலேயே போட்டிருந்தது. அதைப் படிக்க யாருக்கு நேரம்? உயிரோடு வந்த கிருமிகளை வேகவைத்து, வேளை தவறாமல் அத்தைக்குப் புகட்டினார்.

நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். காய்ச்சினால் கிருமி சாகும் என்று வருடாவருடம் பிள்ளைகளுக்கு நடத்துகிறவள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஸ்டாஃப் ரூமில் கொழுந்தனாரைப் போலவே பேசிக் காட்டினேன். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். வீட்டில் அத்தைக்கு, முதல் நாளே தொடங்கியிருந்த இரைப்பு கூடியது. "கிருமி வேலை செய்யுதுங்க அண்ணி" என்றார் அவர். மறுநாள் அதையும் ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டுபோனேன்.

நாலாம் நாள் காலையில் அத்தையால் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டிவிட்டு டாக்டர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"மூணு நாளா மூச்சு வாங்கியிருக்கு. வீட்டுல படிச்சவங்க ஒருத்தர்கூட இல்லையா?"

கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டார். அத்தைக்குத்தான் அந்தக் கேள்வி பொறுக்கவில்லை. மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கி, என் பக்கம் கையை நீட்டினார்.

"எம் மருமவ... டீச்சருங்க."

அவ்வளவு மூச்சிரைப்பிலும் அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.