தாமரைத் தூண்களில் கவிச்சி

நூலகத்தில் எகிப்துக் கோயில் தூண்களின் படமொன்றைப் பார்த்ததும் அழுகிய இறால் நாற்றம் மூக்கில் ஏறியது. பொன்னேரிச் சாலையில் இருந்த பழைய அரிசி ஆலையின் முகப்பிலும் இதே தூண்கள்தான். அடி பெருத்து, உச்சியில் தாமரை விரிந்தவை. மேலே சிறகு முளைத்த சூரியன். ஆலை இறால் உரிக்கும் கொட்டகையான பிறகு, எங்கள் ஊரான பசியாவரத்துப் பெண்களோடு அம்மாவும் வேலைக்குப் போனாள். அந்தச் சூரியனைக் கருடன் என்று கும்பிட்டுவிட்டுப் பின்வாசல் வழியே நுழைவார்கள்.

உள்ளே கணுக்கால்வரை இறால் தலையும் புழுவும். ஐஸ் அரித்த விரலிடுக்கில் சீழ் பிடிக்கும். கை கழுவத் தண்ணீர் தரமாட்டார்கள். முகப்புத் தூண்களை மட்டும் தினமும் குழாய் வைத்துக் கழுவுவார்கள்.

ஒருநாள் அம்மா அந்தக் குழாயில் கையை நீட்டினாள். மேஸ்திரி சட்டென்று அதை மூடினார்.

"தூணெல்லாம் கவுச்சி அடிக்கும்மே! கால்வாயாண்ட போ."

"இன்னா மேஸ்திரி, கல்லக் குளிப்பாட்டுற, சோறு துன்ற கைக்குத் தண்ணி இல்லியா?"

அம்மா இரண்டு கைகளையும் தூணில் அழுத்தித் துடைத்தாள். மற்ற பெண்களும் சிரித்துக்கொண்டே வந்து துடைத்தார்கள். மேஸ்திரி பதறிக் குழாயைத் திறந்து தூணைக் கழுவினார். தூணிலிருந்து வழிந்த அந்த அழுக்குத் தண்ணீரில்தான் அவர்கள் கை கழுவிக்கொண்டார்கள்.

"எவ்ளோ அழகான தூண்டா!" என்றான் நூலகத்தில் பக்கத்திலிருந்த நண்பன், படத்தைப் பார்த்து. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.