வந்ததுதான் வந்தீங்க

என் வீட்டுக்காரருக்குக் காது மந்தம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நான் தொண்டை கிழியக் கத்துவது மட்டும்தான் கேட்காது. யார் வீட்டிலாவது இரண்டு அறை தள்ளி ஒரு குழாய் சொட்டினால் போதும், பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துவிடுவார். ஆயுசு முழுக்கக் குழாய் ரிப்பேர் பார்த்த மனுஷன். விருந்துக்குப் போன இடத்தில் கை கழுவப் போய், சட்டையெல்லாம் நனைந்து திரும்பிய கதையெல்லாம் உண்டு.

வேலையை விட்ட பிறகு ஒரு பழைய கேரவன் வாங்கினார். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. சொந்தக்காரர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, வழியில் ஏரி, காடு என்று நின்று நின்று, கடைசியில் மலைமேல் இருக்கிற பெரிய அருவிக்குப் போவதாகத் திட்டம். அருவி என் ஆசை. பள்ளிக்கூட வேன் ஓட்டிய காலத்தில் வருஷா வருஷம் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போயிருக்கிறேன். வேன்களைக் கீழேயே நிறுத்திவிடுவார்கள். பிள்ளைகள் டீச்சரோடு மேலே போவார்கள், நான் வண்டிக்குக் காவல். மரங்களுக்குப் பின்னாலிருந்து இரைச்சல் மட்டும் கேட்கும்.

"இந்தத் தடவை உனக்காகத்தான் போறோம்," என்றார். நானும் நம்பி ஸ்டியரிங்கைப் பிடித்தேன். டூல்ஸ் பெட்டி மட்டும் வரக்கூடாது என்று ஒரே பிடியாகச் சொல்லியிருந்தேன். சரி சரி என்று மண்டையை ஆட்டினார். முதல் வளைவிலேயே கட்டிலுக்கு அடியில் இரும்பு கடகடவென்று உருண்டது.

முதலில் நாத்தனார் வீடு. தன் தம்பியான இவர் கையில் காபியைக் கொடுக்கும்போதே, "வந்ததுதான் வந்தே, அந்த ஃப்ளஷ் டேங்க் ஓடிக்கிட்டே இருக்கு, கொஞ்சம் பாரேன்," என்றார். கொஞ்சம் பார்த்தது இரண்டு நாள் ஆனது. அடுத்து என் தம்பி வீடு. என் கூடப்பிறந்தவனாச்சே, என் பக்கம் நிற்பான் என்று நினைத்தேன். "வந்ததுதான் வந்தீங்க அத்தான்..." என்று அவனும் ஆரம்பித்தான். ஹீட்டரில் சுடுதண்ணீர் வரவில்லையாம். அதைக் கேட்டதும் இவர் முகத்தில் வந்த பூரிப்பைப் பார்த்திருக்க வேண்டும்! வெளிச்சத்தில் பார்க்க வேண்டிய ஏரியை இருட்டிய பிறகு பார்த்தோம். பார்த்தோம் என்பதுகூடப் பொய். தவளைச் சத்தம் கேட்டோம்.

மகன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது என் பொறுமை ஒட்டுமொத்தமாகக் காலி. மழை வருகிறது, மலைப்பாதையை மறுநாள் மாலையோடு அடைக்கிறார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். திறக்க அடுத்த வெயில் காலம் ஆகும். "காலையில முதல் வேலையா கெளம்பறோம்," என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

காலையில் பார்த்தால், மருமகள் சமையலறைத் தொட்டிக்குக் கீழே இருக்கும் கதவைத் திறந்து காட்டிக்கொண்டிருக்கிறாள். உள்ளே ஒரு வாளி, விளிம்புவரை தண்ணீர்.

"மாசக் கணக்கா ஒழுகுது மாமா. நீங்க வரப்போறீங்கன்னுதான் வேற யாரையும் கூப்பிடல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னைக்கு ரோட்ட அடைக்கிறாங்க. ஞாபகம் இருக்கா இல்லையா?"

"அரை மணி நேரம்," என்றார்.

"உங்க அரை மணி எனக்குத் தெரியாதா? இந்த ஊர்ல வேற பிளம்பரே இல்லையா?"

"கூப்பிடறாங்கல்ல. வேலைய விட்டப்புறம் என்னை யாரு கூப்பிடறா, சொல்லு."

அது எனக்கும் சுருக்கென்றது. இருந்தாலும் விடவில்லை. "என்னை அருவிக்குக் கூப்பிட்டது யாரு? நீங்கதானே!"

அதற்குள் தலை தொட்டிக்கு அடியில் போய்விட்டது. சற்று நேரத்தில் கை மட்டும் வெளியே நீண்டது. எது வேண்டும் என்று அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. சரியான ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன். அத்தனை வருஷப் பழக்கம்.

"நான் போறேன்," என்றேன்.

"ம்."

"அருவிக்கு."

"ம், ம். டார்ச்ச இந்தப் பக்கம் காட்டு."

டார்ச்சை மகன் கையில் திணித்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தேன்.

மலையில் பாதி ஏறும்போது போன் அடித்தது. ஓரமாக நிறுத்தி எடுத்தேன்.

"வண்டி எங்க?"

நீ எங்கே என்று கேட்கவில்லை, கவனியுங்கள்.

"என்கூடதான் இருக்கு."

"பைப்புல சுத்துற டேப்பும் வாஷர் டப்பாவும் அதுலதானே இருக்கு! இங்க எல்லாத்தையும் கழட்டிப் போட்டிருக்கேன்!"

"கடையில விக்கும்," என்று வைத்துவிட்டேன்.

கேரவன்களுக்கு மேலேயே இடம் உண்டு, அருவிக்கு நேரெதிரே. நாற்காலியை இறக்கிப் போட்டு உட்கார்ந்தேன். அவ்வளவு உயரத்திலிருந்து அவ்வளவு தண்ணீர், நிறுத்த ஆளில்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணில் நீர் முட்டியது. அந்த மனுஷன் பக்கத்தில் இல்லையே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு என் மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

பக்கத்து கேரவனிலிருந்து ஒரு பெண் ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"அக்கா, எங்க வண்டியில பைப்பு பீச்சி அடிக்குது. எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் புரியல. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

உட்கார்ந்த இடத்திலிருந்தே, திறந்திருந்த அவர்கள் வண்டிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். தண்ணீர் பீச்சிய விதத்திலேயே தெரிந்தது, மூட்டில் வாஷர் போயிருந்தது. ஐந்து நிமிட வேலை.

"எனக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாதும்மா," என்று சொல்லிவிட்டு, நாற்காலியை அருவிப் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.