கற்பூரம் ஏற்றக் கூடாத பேக்டரி

நான் அஞ்சாவது தாண்டாதவன். ஆனாலும் குன்னூர்ப் பக்கத்துத் தேயிலை பேக்டரிகளில் எந்த மெஷினையும் வாசலில் நின்றே, சத்தத்தை வைத்து, கோளாறு இதுதான் என்று சொல்லிவிடுவேன். கோயமுத்தூரில் படித்துவிட்டு வந்த இன்ஜினியர்கள் என்னைக் கேட்டுவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவார்கள். முதுகில் கொழுந்து சுமந்தவன் சொந்த பேக்டரி போட்டேன். இதையே சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது, கேட்கிறவர்களுக்கும் அலுத்துவிட்டது.

பேக்டரியில் நான் போட்ட சட்டம் ஒன்றுதான்: உள்ளே கற்பூரம், ஊதுபத்தி கூடாது. தேயிலை பக்கத்து வாசனையையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ஆயுத பூசைக்குக்கூட தீபாராதனை கேட்டுக்கு வெளியேதான். மெஷினுக்கு மஞ்சள் தண்ணீர் தெளிப்பதோடு சரி.

ஒரு மழைக்காலத்தில், என்னிடம் பதினாறு வருசம் இருந்த ஆளின் இரண்டு விரல் கொழுந்து அரைக்கிற ரோலரில் போனது. காரணத்தில் மர்மம் ஒன்றும் இல்லை. கழுவத் தோதாக இல்லையென்று ரோலரின் மூடியைக் கழற்றச் சொன்னவன் நான். விசாரிக்க வந்த அதிகாரியிடம் அதை ஒத்துக்கொண்டேன். அவனிடம் மட்டும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

மூன்று மாசம் கழித்துத் திரும்பி வந்தான். அதற்குள் சுவிட்சு வைத்த புது மூடி மாட்டியிருந்தேன். மூடியைத் தூக்கினாலே மெஷின் நின்றுவிடும். பத்துத் தடவை தூக்கிக் காட்டினேன்.

"பாத்தியா? இனி நீயே நெனச்சாலும் அடிபட முடியாது."

"நல்லாத்தானுங்கண்ணா இருக்குது. கைதான் கிட்ட போக மாட்டேங்குது."

ஒரு வாரம் முற்றம் கூட்டினான். ஆறு வீட்டில் கேட்டு அலைந்தபின் தனக்குப் பெண் கொடுத்த ஊர்தான், ஆனாலும் இதை விட்டுத் திருப்பூருக்குப் போய்விடுகிறேன் என்றான். எனக்குக் கோபம் வந்தது.

"மூடி இல்ல, வெரல் போச்சு. அதுல வேற என்ன இருக்குது?"

"அது தெரியுமுங்க. அன்னைக்கு என்ர எடத்துல நிக்க வேண்டியவன் லீவு போட்டுட்டான். ஏன் அவன் வெரலு போகாம என்ர வெரலு போச்சுன்னு உங்க சுவிட்சு சொல்லுமாங்க?"

நான் மூடியை இன்னொரு தடவை தூக்கி இறக்கினேன். அவனே தொடர்ந்தான்.

"மெஷினு முன்னால ஒரு கட்டி கற்பூரம் ஏத்திக்கறனுங்க."

தூள் சலிக்கிற பெண்கள் சிரித்தார்கள். "அண்ணங்கிட்ட உசுரக் கேளு, குடுப்பாரு. கற்பூரத்தக் கேக்காத!"

மறுநாள் காலை, கொழுந்து லாரி வருமுன்னே அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டேன். பக்கத்து அறையில் முந்தின நாள் தூள் குவிந்து கிடந்தது. கற்பூர வாசனை ஏறினால் அதை இருமல் மிட்டாய் என்றுதான் விற்க வேண்டும். கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மெஷின் காலடியில் ஏற்றினான். வாய்க்குள் என்னவோ சொன்னான். நானும் பக்கத்தில் நின்றேன். யாரிடம் என்ன கேட்பதென்று எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் அவனிடமே, "மூடியக் கழட்டச் சொன்னது நானப்பா. மன்னிச்சுக்க" என்றேன்.

அவன் திரும்பக்கூட இல்லை. "மொதல்ல கன்னத்துல போட்டுக்குங்கண்ணா, அணையறதுக்குள்ள."

போட்டுக்கொண்டேன்.

அவனே மெஷினைப் போட்டான். ராத்திரி வாடப்போட்டிருந்த கொழுந்தில் ஒரு கூடையைக் கொட்டி, மூன்று விரல் கையால் மூடி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனான். கை எங்கேயும் நிற்கவில்லை. நான் காலிக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன்.