சத்தம் இல்லாத அதிர்வு

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவன் நான். கரும்பலகையில் கோணலாக ஒரு கோடு போட்டு, ஒரு பக்கத்துப் பாறை கீழே நழுவுவதையும் மறுபக்கம் அப்படியே நிற்பதையும் வரைந்து, இதுதான் நிலப்பிளவு, இது நகர்ந்தால் பூமி அதிரும் என்று சொல்லுவேன். அந்தக் கோட்டை நம் மாவட்டத்தில் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. இத்தனை பெரிய மலை உட்கார்ந்திருக்கிற ஊராவது, ஆடுவதாவது என்கிற திமிர்.

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் இருக்கும் என் தங்கை, ஒரு மழைக்கால நாளில் காலை பத்து மணிக்குப் போன் செய்தாள். வீட்டை விட்டு ஓடிவந்து தெருவில் நின்றுகொண்டு பேசினாள்.

"அண்ணா, வீடு ஆடுச்சு. குடத்துத் தண்ணி தளும்பிப் போச்சு. பின்பக்கச் செவுத்துல வெடிப்பு விட்டிருக்கு."

"கல்குவாரியில வெடி வெச்சிருப்பாங்கம்மா."

"சத்தமே கேக்கலண்ணா. காலுக்கடியில என்னமோ ஓடுச்சு."

எங்கள் பக்கத்தில் எது அதிர்ந்தாலும் பழியைக் குவாரி தலையில் போட்டுவிடுவோம். ஆனால் குவாரியில் வெடி வைப்பது மதியத்தில். வைத்தால் காது அடைக்கும். அன்று மணியும் ஒத்துவரவில்லை, சத்தமும் இல்லை. இரண்டுமே என் மண்டையில் ஏறவில்லை. "பயந்தாங்கொள்ளி, உள்ள போய் சோத்த வடி" என்று சிரித்தேன். அண்ணன் வாத்தியார் ஆயிற்றே, நம்பி உள்ளே போய்விட்டாள்.

கால் மணி நேரத்தில் இரண்டாவது அதிர்வு வந்தது. மழையில் ஏற்கெனவே ஊறியிருந்த மண்சுவர் அவள் இடது காலின் மேல் விழுந்தது.

பூமிக்கடியில் பழைய பிளவு ஒன்று லேசாக நகர்ந்திருக்கிறது என்று மாலை டிவியில் படம் போட்டுக் காட்டினார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பார்த்தேன். நான் வருடா வருடம் வரைந்த அதே படம். கூனிக் குறுகிப் போனேன்.

எலும்பு கூடிவிட்டது, நடை சரியாகவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு பௌர்ணமி விடாமல் வெறுங்காலோடு மலை சுற்றியவள். இப்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சுற்றுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறாள். என்னை இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டித் தீர்த்திருந்தால் மனசு கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

போன வாரம் மறுபடியும் போன்.

"அண்ணா, லாரி போச்சோ என்னமோ, ஜன்னல் ஆடுது. உள்ளயே இருக்கட்டா, வெளிய வரட்டா?"

இன்னமும் என்னைத்தான் கேட்கிறாள்.

"வெளிய வாம்மா, வந்துடு" என்று கத்தினேன். அவள் வாசலுக்கு வந்து சேருகிறவரை ஊன்றுகோலின் சத்தம் போனில் கேட்டுக்கொண்டே இருந்தது.