கெர்ட்ரூட் அக்காவின் வலது தோள்

பேரனின் ஞானஸ்நானத்துக்குக் கெர்ட்ரூட் அக்கா என்னையும் மாதா கோயிலுக்கு அழைத்திருந்தார். நான் மாரியம்மன் கோயில்காரி. எப்போது எழுந்து நிற்பது, எப்போது உட்காருவது என்று அவரைப் பார்த்துத்தான் செய்துகொண்டிருந்தேன். சிலுவை அடையாளம் போடும் நேரம் வந்தது. மற்றவர்களெல்லாம் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார்கள். அக்கா மட்டும் குனிந்து, நெற்றியைக் கைக்குக் கொண்டுவந்தார்.

வெளியே வந்ததும் கேட்டேவிட்டேன். "என்னக்கா, கீழ என்னத்தைத் தேடுனீங்க?"

"கை மேல ஏற மாட்டேங்குது கலா. சாமி ஒண்ணும் கோச்சுக்க மாட்டாரு. நீ சிரிச்சுக்க."

விசாரித்தால், அரை வருஷமாக அப்படியாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். இந்தத் தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் என் காரில்தான் ஏறுவார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! வலியை வாயைத் திறந்து சொல்லாத ஜென்மம் அது. ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, கட்டிக்கொண்டு போனதும் அந்தப் பக்கத்துத் தோட்டத்திலேயே, விடியுமுன் பால்மரம் வெட்டி, தோட்டம் எண்ணெய்ச் செம்பனைக்கு மாறியதும் ஈப்போவுக்கு வந்து, பள்ளிக்கூடக் கேண்டீனில் பெரிய சட்டியில் மீ நூடுல்ஸ் பிரட்டியே இரண்டு பையன்களை ஆளாக்கியவர். அந்தத் தோள் ஒருநாள் இறுகித்தான் போகும்.

மறுவாரமே காரில் ஏற்றிப் பிசியோவுக்குக் கொண்டுபோய்விட்டேன்.

அங்கே சரளா என்று ஒரு பெண். சின்ன வயது, குரலில் அவ்வளவு பொறுமை. மேல்படிப்புக்காக ஓர் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். தோள் இறுகிப்போனவர்கள் கிளினிக்கில் வந்து பயிற்சி செய்தால் நல்லதா, வீட்டு வேலையோடு வேலையாகச் செய்தால் நல்லதா என்பது அவளுடைய கேள்வி. அக்காவை வீட்டில் செய்பவர்கள் குழுவில் சேர்த்தாள். சுவரில் விரல்களை மெல்ல மெல்ல மேலே நகர்த்த வேண்டும், கதவில் கட்டிய கயிற்றை இந்தக் கையால் இழுத்து அந்தக் கையை ஏற்ற வேண்டும். ஒவ்வொரு தடவை போகும்போதும் சரளா கை எவ்வளவு ஏறுகிறது என்று அளப்பாள். பிறகு கேள்விகள் கேட்பாள். மேல் தட்டிலிருந்து டப்பா எடுக்க முடிகிறதா, ரவிக்கைக் கொக்கி மாட்ட முடிகிறதா, தலை வாரிக்கொள்ள முடிகிறதா.

தலை மட்டும் முடியவில்லை. எப்போது கேட்டாலும் அதே பதில்தான்.

தலை வாரிவிடுவது சூசைநாதன் அண்ணன். அவரைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். கண்ணில் பூ விழுந்ததும் ஓட்டுவதை விட்டுவிட்டார். பேசவே மாட்டார். "சாப்பிட்டாச்சா அண்ணே?" என்று கேட்டால் தலையை ஆட்டுவார், ஆமா என்கிறாரா இல்லை என்கிறாரா என்று நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். அப்படிப்பட்ட மனுஷன் அக்காவின் கை ஏறாமல் போன நாளிலிருந்து காலையில் கோப்பி குடித்துவிட்டுச் சீப்பும் தேங்காயெண்ணெயுமாக வந்து நின்றுவிடுவார். முதல் மாதம் அவர் போட்ட சடை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு கிடக்கும்; அக்காவே பின்னியது என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். போகப்போகப் பழகிவிட்டது.

ஒருநாள் துணி உலர்த்தப் பின்பக்கம் போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா துணிக்கம்பைத் தூக்கி மேல் ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். வலது கையால். தலைக்கு மேலே.

"அடிப்பாவி அக்கா!" என்று கத்தியேவிட்டேன். கம்பு கீழே விழுந்தது.

"மெதுவா பேசு லா. அவரு உள்ள இருக்காரு."

"நல்லாத்தானே ஏறுது! அப்புறம் ஏன் அந்தப் புள்ளகிட்ட தலை வாரிக்க முடியலன்னு சொல்றீங்க? அவ படிப்பே இதுலதான் இருக்கு. பாவம் இல்லையா?"

அக்கா சுவரோரம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"அவரு பேசுறாரு கலா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவே மெதுவாகச் சொன்னார். பின்னால் நின்று தலை வாரும்போது அண்ணன் பேசுகிறாராம். முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை வராத மனுஷனுக்கு, முதுகைப் பார்த்தால் பேச்சு வருகிறதாம். முதலில் லாரிக் கதை. அப்புறம் அவருடைய அப்பா குடித்த கதை. அப்புறம் கல்யாணமான புதிதில் தோட்டத்து வீட்டில் இருந்த கதை. கொஞ்சம் கொஞ்சமாக அந்த வருஷத்துக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருக்கிறாராம்.

"எந்த வருஷம்?"

"எங்களுக்கு மொதல்ல ஒரு பொம்பளப்புள்ள. பொறக்கும்போதே உசுரு இல்ல. நான் காய்ச்சல்ல நெனவில்லாம கெடந்தேன். அவருதான் தூக்கிட்டுப் போய்ப் பொதைச்சாரு. எங்கன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லல. பேர் வச்சாரான்னும் தெரியாது. அவரு மூஞ்சியப் பார்த்தா கேக்க வாய் வராது. இப்போ தானா வர்றாரு கலா. கை நல்லாயிடுச்சுன்னு தெரிஞ்சா சீப்பைக் கீழ வச்சிருவாரு. அதோட போச்சு."

யாரையும் திட்டத் தயங்காத நான் சுவருக்கு மேலே கையை நீட்டி அவர் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

"அந்தப் புள்ளகிட்ட பொய் சொல்றது பாவந்தான். இன்னும் கொஞ்ச நாள். சாமி பொறுத்துக்குவாரு" என்றார் அக்கா.

சாமி பொறுத்தார். சரளாதான் பொறுக்கவில்லை. கை ஏறுகிறது, ஆனால் தலை வாரிக்கொள்ள முடியவில்லை என்றால் என்ன அர்த்தம்? அவள் படிப்பில் இதற்குப் பதில் இருந்தது. தோள் குணமான பிறகும் வலி வந்துவிடுமோ என்ற பயம் சிலருக்குப் போகாதாம். வீட்டில் இருப்பவர்கள் பாசத்தில் எல்லாவற்றையும் செய்துகொடுத்தால் அந்தப் பயம் அப்படியே தங்கிவிடுமாம். அதனால் அடுத்த முறை, வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணனை உள்ளே கூப்பிட்டாள்.

"அங்கிள், ஆன்ட்டி கை எவ்ளோ ஏறுது பாருங்க" என்று அக்காவின் முழங்கையைப் பிடித்து மேலே தூக்கினாள். கை காதைத் தொட்டது. "இனிமே நீங்க தலை வாரி விடாதீங்க அங்கிள். அவங்களே செய்யட்டும். அப்பத்தான் பயம் போகும்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். அக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அண்ணன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரிம்மா" என்றார்.

வீடு வரும்வரை நான் முன்னால் போன மோட்டார்சைக்கிள்காரனைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவன் ஒன்றுமே செய்யவில்லை, பாவம்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் இடியாப்பத்தைச் சாக்காக எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனேன். அக்கா சமையலறை ஸ்டூலில் கூந்தலை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். சீப்பு அவர் மடியில் கிடந்தது. கோப்பிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு அண்ணன் வந்தார். மடியிலிருந்த சீப்பை எடுத்துக்கொண்டார்.

"அந்தப் புள்ள வேணாம்னு சொல்லுச்சே" என்றார் அக்கா, திரும்பாமல்.

"படிச்ச புள்ள, அது சொல்லும். நீ துணிக்கம்பை மாட்டுறத நான் எப்பவோ பார்த்துட்டேன். கண்ணு மங்கல்தான், குருடில்ல."

"அப்புறம் ஏன் வாரி விட்டீங்க?"

"நான் இன்னும் சொல்லி முடிக்கல புள்ள."

இடியாப்பத்தை மேசையில் வைத்துவிட்டு நழுவினேன். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேனா என்று கேட்காதீர்கள். வெகுநேரம் அண்ணனின் குரல் மட்டும் கேட்டது. பிறகு அக்கா அழுதார். பிறகு அண்ணனும்.

வெயில் ஏறியதும் அக்கா என் வாசலில் வந்து நின்றார். சடை ஒழுங்காகப் பின்னியிருந்தது.

"வண்டிய எடு கலா. ஆயர் தாவார் போவணும்."

காரில் ஏறியதும் முதல் வேலையாகச் சரளாவுக்குப் போன் போடச் சொன்னார். "ஆன்ட்டி பொய் சொல்லிட்டேன்மா. தலை வாரிக்க முடியுது. ரொம்ப நாளாவே முடியுது. உன் தாள்ல மாத்திக்க" என்று சொல்லி, ஏன் அப்படிச் சொன்னார் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். சரளா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "போயிட்டு வாங்க ஆன்ட்டி. நான் மாத்திக்கிறேன்" என்றாள். அவள் குரலும் சரியாக இல்லை.

போகும் வழியில் அண்ணன் எனக்கும் சொன்னார், என் பின்மண்டையைப் பார்த்தபடிதான். குழந்தையைப் புதைத்த அன்று தோட்டத்துப் பெரியவர்கள், "தாய்க்கு எடத்தைக் காட்டாதே, அங்கயே போய் உக்காந்துருவா" என்றார்களாம். இருபத்து நாலு வயசுப் பையன், அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். பிறகு எப்போது சொல்வது என்று தெரியவில்லை. அப்படியே ஆயுசு போய்விட்டது.

தோட்டம் இருந்த இடமெல்லாம் செம்பனை. மாதா சிலை வைத்திருந்த கெபிக்குப் பின்னால் என்று அவர் சொன்னார். கெபியையே காணோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மரங்கள், ஒரே மாதிரி வரிசை. அண்ணன் இங்கே போய் நின்றார், அங்கே போய் நின்றார். கையை நெற்றியில் வைத்து, மங்கிய கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"இங்கதான் புள்ள... இல்ல, அந்தப் பக்கமோ... தெரியலையே" என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும்ங்க. இந்த மண்ணுலதான இருக்கா. பேரு வச்சீங்களா?"

"வச்சேன். ஆட்ரி. ஆஸ்பத்திரி நர்ஸோட பேரு. அவங்கதான் புள்ளையக் குளிப்பாட்டி, துணியில சுத்தி என் கையில குடுத்தாங்க. வேற பேரு எனக்குத் தோணல."

"ஆட்ரி" என்றார் அக்கா. இன்னொரு முறையும் சொல்லிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து நின்று வலது கையைத் தூக்கினார். நெற்றி குனியவில்லை. கை நெற்றிக்குப் போனது, நெஞ்சுக்கு வந்தது, இடது தோளையும் வலது தோளையும் தொட்டது. அண்ணனும் போட்டார். நான் கும்பிட்டேன்.

காற்றில் அக்காவின் சடை அவிழ்ந்திருந்தது. பழக்கத்தில் இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோனார். வலியில்லாமல் ஏறின. ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு இரண்டையும் இறக்கிக்கொண்டு, அண்ணனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

"பின்னி விடுங்க" என்றார். "அவ எப்படி இருந்தான்னு சொல்லிக்கிட்டே பின்னுங்க."