மூன்றால் வகுத்தபோது

மாணவர் வெற்றியை அளப்பது என் வேலை. வெளியில் சொன்னால் சிரிக்கிறார்கள் என்பதால், "யூனிவர்சிட்டி ஆபீஸ்ல இருக்கேன்" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். எங்கள் மாதா கோயிலில் ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு வரும் ஒருவர் மட்டும் விடமாட்டார். "அதை எப்படிம்மா அளப்பே, ஸ்கேல் வச்சா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். ஸ்கேல் இருந்தால் தேவலை என்று எனக்கே பல நாள் தோன்றியிருக்கிறது.

சிங்கப்பூரில் எங்களுடையது சிறிய அரசாங்கப் பல்கலைக்கழகம். பெரிய இடங்களில் ஒரு மாடி முழுக்க ஆட்கள் பார்க்கும் வேலையை இங்கே சில பேர் பங்குபோட்டுப் பார்க்கிறோம். என் பங்குக்கு இரண்டு வேலைகள் வந்து சேர்ந்தன. காலையில் கல்வி உதவித்தொகை விண்ணப்பங்கள். மதியத்துக்கு மேல் வெற்றிக் கணக்கு, அதாவது சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் படித்து முடித்தார்கள் என்பது. திரையில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வரி இருக்கும். ஒழுங்காகப் போகிறவர் பச்சை, தடுமாறுகிறவர் மஞ்சள், பின்தங்கியவர் சிவப்பு. காலையில் என் எதிரே உட்கார்ந்து அழுத பிள்ளை மதியம் ஒரு மஞ்சள் வரியாக வரும். காலைக் கணக்குக்கு மதியக் கணக்கைத் தெரியாது, மதியத்துக்குக் காலையைத் தெரியாது. இரண்டையும் தெரிந்தவள் நான் ஒருத்திதான், எனக்கோ முதுகுவலி.

பொங்கோல் வீட்டிலிருந்து காலையில் ரயிலேறும்போதே களைப்பாக இருக்கும். வேலை கடினம் என்று சொல்ல மாட்டேன். கேட்ட கதையையே மறுபடி மறுபடி கேட்பதும், அதைக் கேட்டுவிட்டுக் கட்டத்தில் எண்ணை நிரப்புவதும்தான் ஆளைச் சக்கையாக்கிவிடும்.

அந்தப் பெண்ணை எனக்கு முதல் ஆண்டிலிருந்தே தெரியும். மின் பொறியியல் படித்தாள். புக்கிட் பாஞ்சாங்கில் வீடு. அப்பா துவாஸில் பாரந்தூக்கி ஓட்டியவர், பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் அம்மா ஒரு சமையல்கூடத்தில் அரை நாள் வேலைக்குத்தான் போக முடிந்தது. தம்பி பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். உதவித்தொகைக்கு வழி எளிதானது. வீட்டு வருமானத்தைக் கூட்டி, வீட்டில் இருக்கும் தலைகளால் வகுக்க வேண்டும். வருவது ஒரு கோட்டுக்குக் கீழே இருந்தால் பெரிய தொகை, மேலே போனால் சிறிய தொகை, இன்னும் மேலே போனால் ஒன்றுமில்லை. அவர்கள் வீட்டில் நாலு தலை, எப்போதும் கோட்டுக்குக் கீழே. ஆண்டுதோறும் பெரிய தொகை கிடைத்தது, மாணவியும் பச்சையாகவே இருந்தாள்.

மூன்றாம் ஆண்டுக்கு அவள் அனுப்பிய விண்ணப்பத்தைக் கணினி திருப்பிவிட்டது. அவள் நாலு பேர் என்று போட்டிருந்தாள், அரசாங்கப் பதிவில் மூன்று பேர்தான் இருந்தார்கள். இப்படி வந்தால் எச்சரிக்கை மின்னஞ்சல் ஒன்றைத் தட்டிவிடுவது எங்கள் வழக்கம். யாருடைய பெயர் குறைகிறது என்று பார்த்த பிறகு எனக்கு அதைத் தட்ட மனம் வரவில்லை. வரச் சொன்னேன்.

ஆங்கிலத்தில்தான் பேச ஆரம்பித்தோம். வீட்டில் இப்போது யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டேன். அம்மா, தம்பி, நான் என்று விரலை மடக்கிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள்.

"சாரி மேடம்," என்று தமிழுக்கு மாறினாள். "எப்பவும் நாலுன்னுதான் போடுவேன். கை பழக்கத்துல போட்டுட்டேன். சீட் பண்ணணும்னு இல்ல."

"தெரியும்மா. எப்ப ஆச்சு?"

"ஸ்கூல் லீவுல. ப்ளாக்குக்குக் கீழ வாய்ட் டெக்லதான் அப்பாவை வச்சிருந்தோம். பதினாறாம் நாள் எல்லாம் முடிஞ்சிருச்சு," என்றாள். "போட்டோ ஹால்ல இருக்கு மேடம். வெளிய போறப்ப எல்லாரும் அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் போறோம். அதான் மறந்துட்டேன்னு நினைக்கிறேன். எடுத்துடவா?"

"நான் எடுத்துடறேன்," என்றேன்.

அதையாவது அவள் கையால் செய்யவிடக்கூடாது என்று நினைத்தேன். ஒரு பெயரை எடுத்தால் கணினி காரணம் கேட்கும். வீடு மாறினார், திருமணமாகிப் போனார், காலமானார் என்று வரிசையாகக் காட்டும். தேர்ந்தெடுத்ததும், நிச்சயமாகவா என்று இன்னொரு முறை கேட்கும். எத்தனையோ பேருக்கு அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறேன். அன்றைக்கு எதிரே அவள் உட்கார்ந்திருந்ததால் அந்தக் கேள்வி மீது எரிச்சல் வந்தது.

அப்புறம் கணக்கு மாறியது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியதில்லை என்று ஆனதும் அம்மா முழு ஷிப்டுக்குப் போயிருந்தார். மேலே வருமானம் ஏறியது, கீழே தலை ஒன்று குறைந்தது. மூன்றால் வகுத்தபோது அந்தக் குடும்பம் கோட்டைத் தாண்டி மேலே போய் நின்றது. தொகை பாதிக்கும் கீழே வந்துவிட்டது. கிளினிக் பாக்கி, காரியத்துக்கு வாங்கிய கடன், தம்பியின் கட்டணம் எதற்கும் அந்தத் திரையில் கட்டம் கிடையாது.

அவள் பொறியியல் படிக்கிறவள், சட்டென்று புரிந்துகொண்டாள். "அப்ப, அப்பா போனதால எங்களுக்கு வசதி வந்துடுச்சா மேடம்?"

"கணக்குப்படி அப்படித்தாம்மா," என்றேன். வேறு என்ன சொல்வது? பூசி மெழுகினால் அவளுக்கு இன்னும் வலித்திருக்கும்.

மேல்முறையீடு எழுதினோம். எனக்குத் தெரிந்த நல்ல ஆங்கிலத்தையெல்லாம் அதில் கொட்டினேன். குழுவில் இருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. படித்துவிட்டு எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். பிறகு ஒருவர், இறந்தவர் சம்பாதித்துக்கொண்டிருந்தாரா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியென்றால் வருமான இழப்பு எதுவும் இல்லையே என்றார். விதியில் "சூழ்நிலை மாற்றம்" என்றால் சம்பாதிப்பவருக்கு வேலை போவது அல்லது உயிர் போவது. சம்பாதிக்காதவர் உயிரோடு இருந்தவரை வகுப்பதற்கு உதவினார், அவ்வளவுதான். கடைசியில் அங்காடி வவுச்சர் கொஞ்சம் கொடுத்து அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் கோப்பிக் கடையில் தனியாக உட்கார்ந்து எல்லாரையும் வாய்க்குள் திட்டினேன், என்னையும் சேர்த்து. மறுநாள் வழக்கம்போல அலுவலகம் போனேன்.

அந்தப் பருவத்தை அவள் எப்படியோ ஓட்டினாள். மாலையில் துணைப்பாடம் சொல்லிக்கொடுத்தாள், சனி ஞாயிறில் கடையில் நின்றாள். திரையில் பச்சை மஞ்சளானது. பருவம் முடிந்ததும் என்னிடம் வந்து, படிப்பை விட்டுவிடுவதாகச் சொன்னாள். துவாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை கிடைத்திருந்தது. அதைச் சொல்லும்போது அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இந்த இடத்தில் மதியக் கணக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் இடத்தில் வெளியேறுவதற்கு இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று விலகல். சொந்தக் காரணத்துக்காக விலகியவரை வெற்றிக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுவோம், சேரவே இல்லை என்பதுபோல. இன்னொன்று ஓராண்டு விடுப்பு. விடுப்பில் போனவர் கணக்கில் இருப்பார், ஆனால் உரிய காலத்தில் முடிக்க மாட்டார், அதனால் சிவப்பு. அவள் விலகினால் எங்கள் வெற்றி விகிதம் ஏறும். விடுப்பெடுத்தால் இறங்கும். அவள் வகுப்பு மிகச் சிறியது, ஒரே ஒரு ஆளுக்கு விகிதம் கண்ணில் படுகிற அளவுக்கு ஆடும். ஆள் குறைந்தால் நிலைமை உயர்ந்ததாகக் காட்டும் கூத்து அவள் வீட்டில் நடந்தது போதாதென்று எங்களிடமும் நடக்கப் பார்த்தது.

"விலகாதே. லீவு போடு," என்றேன்.

"என்ன டிஃபரன்ஸ் மேடம்? ரெண்டும் போறதுதானே?"

"லீவு போட்டா இடம் இருக்கும். விலகிட்டா மறுபடி முதல்லேர்ந்து அப்ளை பண்ணணும். நீ திரும்பி வரலன்னா அப்ப பாத்துக்கலாம்."

யோசித்துவிட்டு, "சரி லா," என்றாள். என் திருப்திக்காகச் சொன்ன மாதிரிதான் இருந்தது.

ஓராண்டு போனது. பொதுவாக இப்படிப் போகிறவர்கள் வருவதில்லை. மாதாமாதம் சம்பளம் வர ஆரம்பித்துவிட்டால் வீடு அதில் சாய்ந்துகொள்ளும், பிறகு எழுந்து வருவது கடினம். விடுப்பு முடியப்போகிறது, திரும்புகிறாயா என்று அவளுக்கு மின்னஞ்சல் போனது. பதில் இல்லை. நினைவூட்டலுக்கும் இல்லை. பதில் சொல்லாதவரை விலகியவராகக் கருதலாம் என்று விதி சொல்கிறது. அறிக்கை அனுப்புகிற காலமும் அதுதான்.

எங்கள் இயக்குநர் என்னைவிட இளையவர், சீனர், நல்ல மனுஷன். வெளியே போய்வந்தால் எல்லாருக்கும் குவே என்ற மலாய்ப் பலகாரம் வாங்கி வருவார். என் மேசைக்கு வந்து, இந்த ஒரு சிவப்பு ஏன் இன்னும் நிற்கிறது, பதிலே வரவில்லையே, எடுத்துவிட்டால் சுத்தமாக இருக்குமே என்று மெதுவாகச் சொன்னார். அவள் விலகவில்லை, விடுப்பில் இருக்கிறாள் என்றேன். வருவாள் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். எனக்குத் தெரியாது. வருவாள் என்று சொல்லிவிட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும், பக்கத்து மேசையில் தட்டச்சு நின்றது. திங்கட்கிழமை வரை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, குவேயை வைத்துவிட்டுப் போனார். நான் அதைத் தொடவில்லை. சாயங்காலம் பசித்தபோது தின்றேன்.

அன்றே அவளுக்கு வாட்ஸப்பில் எழுதினேன். வேலையில் இருப்பதாகவும், ஞாயிறு அம்மாவோடு தேக்கா சந்தைக்கு வருவதாகவும், அங்கே பார்க்க முடியுமா என்றும் கேட்டுப் பதில் வந்தது. பூசை முடிந்து நானும் அங்கேதான் கறி வாங்கப் போவேன். சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைத் தேக்காவில் நின்று பேசுவதற்கு இடம் கண்டுபிடிப்பதே பெரிய பாடு. மீன் பகுதிக்கு வெளியே, தள்ளுவண்டிகள் இடிக்காத ஒரு தூண் பக்கம் நின்றோம். கறுத்து, கொஞ்சம் இளைத்திருந்தாள். அம்மா உள்ளே மீன்காரரோடு விலை பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள்.

"மெயில் வந்துச்சு மேடம். திறக்கல. திறந்தா முடிவு எடுக்கணும்ல."

"இப்ப எடுக்கணும்மா. நாளைக்குக் கடைசி."

"ஒண்ணு கேக்கறேன். திரும்பி வந்து உதவித்தொகைக்குப் போட்டா, நான் இந்த வருஷம் வாங்கின சம்பளத்தையும் வீட்டு வருமானத்துல சேப்பீங்களா?"

இந்தக் கேள்வி வரும் என்று பயந்துகொண்டேதான் வந்தேன். "சேர்ப்போம்," என்றேன். "போன வருஷ வருமானத்தைத்தான் பாப்பாங்க. முதல் வருஷம் ஒண்ணுமே கிடைக்காமப் போகலாம். நான் எழுதிப் பாக்கறேன். ஆனா நம்பி இருக்காதே."

அவள் சிரித்துவிட்டாள். "வேலைக்குப் போகாட்டியும் கஷ்டம், போனாலும் கஷ்டம். நல்லா வச்சிருக்கீங்க மேடம் சிஸ்டம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கமாக இருந்தது. அந்தக் கோட்டை நான் போடவில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரிந்த சிஸ்டத்துக்கு முகம் என்று ஒன்று இருந்தால் அது என் முகம்தான்.

அவள் போனை எடுத்தாள். "தம்பி படிப்ப முடிச்சிட்டு இப்ப என்எஸ்ல, ஆர்மி கேம்ப்ல இருக்கான். அவன் செலவு இல்ல. கொஞ்சம் எடுத்து வச்சிருக்கேன். பாதிப் பாடம் எடுத்துட்டு, பார்ட் டைமா வேலை பாக்கறேன். லேட்டாத்தான் முடிப்பேன். பரவால்லயா?"

லேட்டாக முடித்தால் எங்கள் திரையில் கடைசி வரை சிவப்புதான். பட்டம் வாங்கும் நாளிலும் சிவப்பு. அதை அவளிடம் சொல்லவில்லை. "பரவால்லம்மா, வா," என்றேன்.

மீன் வாடைக்கு நடுவில், தூணில் சாய்ந்தபடி அந்த மின்னஞ்சலைத் திறந்து, திரும்புகிறேன் என்பதை அழுத்தினாள். நிச்சயமாகவா என்று அதுவும் கேட்டிருக்கும் போல. "யெஸ் லா," என்று போனிடம் முணுமுணுத்துவிட்டு இன்னொரு முறை அழுத்தினாள்.

அதற்குள் அம்மா கனமான பையோடு வந்துவிட்டார். மகள் பையை வாங்கிக்கொண்டு, இவர்தான் நான் சொன்ன யூனிவர்சிட்டி மேடம், என் பேரை எடுக்காமல் வைத்திருந்தவர் என்றாள். அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். முழு ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு இருக்கும் வீக்கம் கண்ணுக்குக் கீழே இருந்தது.

"நீங்கதானா," என்றார். "அவங்கப்பா பேரை எடுத்தது?"

மகள் "அம்மா" என்று அதட்டினாள். நான் பரவாயில்லை என்று கையைக் காட்டினேன்.

"ஆமாங்க, நான்தான் எடுத்தேன்," என்றேன்.

"பேங்க்ல எடுத்தாங்க, வீட்டுப் பத்திரத்துல எடுத்தாங்க, கிளினிக்ல எடுத்தாங்க. எல்லா இடத்துலயும் கேட்டாங்க, கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்." குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். களைப்புதான் இருந்தது, என்னுடையதைப் போல. மகள் கையிலிருந்த பையின் ஒரு காதைத் தானும் பிடித்துக்கொண்டார்.

"இவ பேரையாச்சும் விட்டு வச்சீங்களே," என்றார்.