மெங்கியா நீட்டிய கோல்

மெங்கியா எங்கடின் என்கிற எங்கள் பனிமலைப் பள்ளத்தாக்கில் பஸ் ஓட்டுகிறாள். குளிர்காலத்தில் ஊர்ப் பனிக்குழுவிலும் இருக்கிறாள். குழி தோண்டிப் பனியைப் பார்த்து, எந்தச் சரிவு ஆளைத் தாங்கும், எது தாங்காது என்று சொல்கிற குழு அது. அவள் வாயிலிருந்து அதிகம் வருவது ‘வேண்டாம்’தான். அதனால் அவளுக்கு நண்பர்கள் குறைவு. பனியில் சறுக்கும் கட்டைகளைப் பழுது பார்க்கும் நான் ஒருவன்தான் அவளோடு சண்டை போட்டுக்கொண்டே திரிகிறேன்.

அவள் தம்பி டூரி மலை வழிகாட்டி. வெளியூர்க்காரர்களை மேலே ஏற்றி, சறுக்கியபடி கீழே கூட்டி வருவது அவன் பிழைப்பு. நல்லவன்தான். ஆனால் பனியே தன்னைக் கேட்டுத்தான் சரியும் என்கிற நினைப்பு அவனுக்கு.

அந்த ஜனவரியில் அடிப்பனி சர்க்கரை மாதிரி ஒட்டாமல் கிடந்தது. அதன்மேல் காற்று கொண்டுவந்து கொட்டிய பனி பலகையாக இறுகியிருந்தது. வடக்குச் சரிவின் ஓரத்தில் மெங்கியா குழி தோண்டினாள், நானும் கூட இருந்தேன். பனியைத் தூணாக அறுத்து, மேலே மண்வெட்டியை வைத்து, முதலில் விரலால் மெதுவாகவும் கடைசியில் தோளிலிருந்து ஓங்கியும் தட்டினாள். தூண் உடையவில்லை. ஆனால் திரும்பும்போது எங்கள் காலடியில் பனி ‘தொம்’ என்று அமுங்கியது. அடியில் பிடிப்பில்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.

அடுத்த நாள் அந்தச் சரிவில் ஆட்களை இறக்கவிருந்த தம்பியிடம் இரண்டையும் மறைக்காமல் சொன்னாள். அவன் தனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டான்.

“நீயே தட்டிப் பாத்தே, உடையலை. அப்புறம் என்னக்கா?”

“உடைஞ்சா போகாதேன்னு அர்த்தம். உடையலைன்னா போன்னு அர்த்தம் இல்லடா. பத்தடி தள்ளி அடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது.”

“தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு குழு, அதுல நீ ஒரு ஆளு” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான். சாலையை மூடக் குழுவால் முடியும். மலைக்குப் போகிறவனை யாராலும் தடுக்க முடியாது.

மறுநாள் விடிந்ததும் என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். சரிவுக்கு எதிரே, பனி சரிந்தாலும் எட்டாத மேட்டில் நின்றோம். பாறை முகட்டு வழியாக ஏறிய டூரி, கூட்டிவந்த வெளியூர்க்காரர்களோடு உச்சியில் நின்றான். இனி சரிவில் இறங்க வேண்டியதுதான் பாக்கி. மெங்கியா மடக்கியிருந்த துழாவுகோலை உதறி முழு நீளத்துக்கு நீட்டினாள். பனியில் புதைந்தவனைக் குத்தித் தேடுகிற கோல் அது. உயிரோடு நிற்கிறவன் கண்ணெதிரே அதை நீட்டுவது, கல்யாண வீட்டுக்குச் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி. எங்கள் ஊரில் யாரும் செய்யமாட்டார்கள். எனக்கே உடம்பு கூசியது. மடக்கித் தொலை என்றேன். அவள் மடக்கவில்லை.

மேலே ஒரே சலசலப்பு. அந்த வெளியூர்க்காரர்களில் ஒருத்திக்கு அந்தக் கோல் எதற்கென்று தெரிந்திருக்கிறது. இறங்கமாட்டேன் என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம். மெங்கியாவின் போன் அடித்தது.

“என் மானத்தை வாங்கிட்டே. இனிமே என்கிட்ட பேசாதே” என்றான் டூரி.

“சரிடா. வந்த வழியே இறங்கு.”

வந்த வழியே இறங்கினான். அதோடு பேச்சும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் இவள் உள்ளே நுழைந்தால் அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவான். பெருமூச்சு விட்டபடி அம்மா இவளைத்தான் பார்ப்பாள்.

போகட்டும், அந்தச் சரிவாவது சரிந்து தொலைத்திருக்கலாம். அதுவும் இல்லை. அடுத்த வாரமே யாரோ இரண்டு பேர் அதில் சறுக்கி, பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். மே மாதம் பனி உருகிப் புல் முளைத்தது. வீணாக அவனை அவமானப்படுத்திவிட்டேனோ என்று மெங்கியா என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறாள். அதற்குப் பதில் அவளுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. அதை நினைத்தால் எனக்குப் பனிமேலேயே கோபம் வருகிறது.

போன வாரம் சாராயக்கடையில் டூரி பக்கத்து மேசைக்காரர்களிடம் அந்தக் கதையைத்தான் அளந்துகொண்டிருந்தான். அக்கா கோல் நீட்டியதை நடித்தும் காட்டினான். கூட்டம் மேசையைத் தட்டிச் சிரித்தது. மூலையில் எங்களைப் பார்த்தானோ இல்லையோ, தெரியாது. நான் அவனை நாலு கேட்கலாமென்று எழுந்தேன். மெங்கியா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“விடு, பேசட்டும். அவன் குரல் கேக்குதுல்ல.”